வார்டுக்குக் கணினி வந்தது, நேரம் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் காகிதத்தைக் கைவிட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறுவது, செவிலியர் கல்லூரிகளில் மெய்நிகர் ஆய்வகம் திறப்பது, செயற்கை நுண்ணறிவு கொண்டு கண் பரிசோதனை செய்வது என்று செய்திகள் தொடர்ந்து வருகின்றன. என்ன வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்ற விவரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. வாங்கியதை யார், எந்த நேரத்தில், எங்கே நின்றுகொண்டு இயக்கப்போகிறார் என்ற விவரம்தான் இருப்பதில்லை. இத்தகைய திட்டங்கள் இடறி விழுவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் இதை எழுதுகிறோம்.

முப்பது நோயாளிகள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். நாடி, சுவாசம், வெப்பநிலை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காகித அட்டவணை கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். அளந்த கையோடு குறித்துவிடலாம். சில விநாடி வேலை. கணினி செவிலியர் மேசையில் இருந்தால் நிலைமை வேறு. லாகின் செய்து, நோயாளியைத் தேடி, உரிய திரையைத் திறந்து, ஐந்து எண்களை இட்டுச் சேமிக்க ஒருவருக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. ஆகவே எண்கள் துண்டுச்சீட்டிலோ கையுறைப் பெட்டியின் மேலோ எழுதப்பட்டு, டியூட்டி முடியும் தறுவாயில் மொத்தமாக ஏற்றப்படுகின்றன. பதிவேட்டைத் திறந்தால் முப்பது பேரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பரிசோதித்ததாகக் காட்டும்.

இதனால் வரும் கெடுதல் சிறியதல்ல. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய 'நியூஸ்' (NEWS) என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை பல நாடுகளில் பயன்படுகிறது. மேற்சொன்ன ஐந்து அளவுகளோடு நோயாளியின் உணர்வு நிலையையும், அவருக்கு ஆக்சிஜன் ஏற்றப்படுகிறதா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 என்றால் நெருக்கடி. கணினி இதை நொடியில் கூட்டிவிடும். ஆனால் காலை 6 மணிக்கு அளந்த எண் 9 மணிக்கு ஏறினால் எச்சரிக்கையும் 9 மணிக்குத்தான் வரும். கட்டில் காலில் தொங்கிய காகிதமாவது அந்த வழியாகப் போகிற மருத்துவரின் கண்ணில் பட்டிருக்கும்.

மருத்துவர்களுக்கும் இதே கதைதான். 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016-ல் வெளியானது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ 2 மணி நேரம் மின்னணுப் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்றது அது. மென்பொருளைச் செய்துகாட்ட வருகிற விற்பனையாளரின் திரையில் எப்போதும் ஒரே ஒரு நோயாளிதான் இருப்பார். முப்பதாவது நோயாளிக்கு வரும்போது அந்தத் திரை எப்படி இருக்கும் என்று கேட்பவர் அரிது.

கட்டிலருகிலேயே பதிவு செய்ய வழி செய்யாமல் இந்தச் சிக்கல் தீராது. அதற்குச் சக்கர மேசையில் கணினி, கையடக்கக் கருவி, அளவுகளை நேராகப் பதிவேட்டுக்கு அனுப்பும் மானிட்டர் என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் சில்லறைத் தேவைகள் இருக்கின்றன. கருவி 10 என்றால் வார்டில் சார்ஜ் போடும் இடமும் 10 வேண்டும்; இல்லாவிட்டால் இரவு டியூட்டியில் பாதி கருவிகள் அணைந்துகிடக்கும். கிருமிநாசினியால் துடைப்பதைக் கருவி தாங்குமா, எந்தக் கிருமிநாசினியைத் தாங்கும் என்பதை உற்பத்தியாளரின் கையேட்டில் முன்கூட்டியே பார்க்க வேண்டும். வைஃபை சிக்னலைக் காலி அறையில் அளந்து பயனில்லை. ஆட்களும் இரும்புக் கட்டில்களும் நிறைந்த பிறகு, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அளக்க வேண்டும். எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவரை ஒட்டிய மூலையிலும் லிஃப்ட் பக்கத்திலும் சிக்னல் விழாது. பாஸ்வேர்டும் அப்படித்தான். திரை திறக்க ஒரு நிமிடம் ஆகி, ஐந்து நிமிடத்தில் தானாக மூடிக்கொண்டால், யாரோ ஒருவரின் லாகினில் வார்டு முழுக்க வேலை நடக்கும். அதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விடுவது வீண் வேலை. அட்டையைத் தொட்டால் திறக்கும் லாகின் வைத்துப் பாருங்கள், பழக்கம் தானே போய்விடும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவம் நன்கு பதிவாகியிருக்கிறது. அங்கே 2002-ல் மருத்துவ உத்தரவுகளைக் கணினி வழியே இடும் முறை ஆறே நாளில் மருத்துவமனை முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சிறப்புச் சிகிச்சைக்காக வேறிடங்களிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதம், பிந்தைய 5 மாதங்களில் 6.57 சதவீதம். 2005-ல் வெளியான அந்த ஆய்வு சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் உத்தரவே இட முடிந்தது. முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வரும்போதே மருந்துகளைத் தயார் செய்துவிடுவார்கள். அவசர மருந்துகள் சிகிச்சைப் பிரிவிலிருந்து மைய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. நெரிசலில் கணினி உறைந்து நின்றது. குழந்தையின் அருகில் இருக்க வேண்டியவர்கள் திரை முன் நின்றார்கள். பிற்பாடு சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளை, அவசர நிலைக்கான உத்தரவுத் தொகுப்புகளை முன்னதாகவே தயாரித்துவைத்துக் கொண்டுவந்தது. அங்கே இறப்பு கூடவில்லை. ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையிலோ இத்தகைய முறை வந்த பின் இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைந்ததாக 2010-ல் ஆய்வு வந்தது. ஆகவே மென்பொருளை மட்டும் பழிப்பதும் தவறு, புகழ்வதும் தவறு.

மருந்துப் பிழைகளைக் கணினி தடுக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் தன் பங்குக்குப் புதுப் பிழைகளையும் அது கொண்டுவரும். சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ல் 16 வயதுச் சிறுவனுக்கு ஒரு மாத்திரை தர வேண்டிய இடத்தில் 38½ ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தரப்பட்டன. மருத்துவர் 160 மி.கி. என்று நினைத்து 160 என்று இட்டார். திரையோ 'ஒரு கிலோ எடைக்கு 160 மி.கி.' என்று எடுத்துக்கொண்டது. சிறுவனின் எடை 38.6 கிலோ. எச்சரிக்கை வந்தது, தினமும் வருகிற எத்தனையோ எச்சரிக்கைகளில் ஒன்றாகக் கருதி மருத்துவரும் கடந்தார், மருந்தாளுநரும் கடந்தார். பொட்டலம் கட்டும் ரோபோ இட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றியது. சந்தேகப்பட்ட செவிலியர் பார்கோடை ஸ்கேன் செய்தபோது, சரியான மருந்து, சரியான அளவு என்றது திரை. வலிப்பு வந்தாலும் சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அலகு தெரிய வேண்டும். அலகைக் கணினி தானாக நிரப்பக் கூடாது. எடை கிலோவில் மட்டுமே ஏற வேண்டும், எடை பார்த்த தேதியோடு. ஒரு மருந்தின் உச்ச அளவை மீறினால் கடந்துபோக முடியாத தடையாக அது நிற்க வேண்டும். மற்ற எச்சரிக்கைகளில் பயனற்றவற்றைக் கழித்துக்கட்ட வேண்டும். எந்த எச்சரிக்கையை எத்தனை முறை கடக்கிறார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தால், ஏறக்குறைய எல்லோரும் எப்போதும் கடக்கிறவை எவை என்று தெரிந்துவிடும். அவற்றை மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கலாம். இதற்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை. மூன்று பேரின் நேரம்தான் செலவு. கிடைக்காததும் அதுதான். மானிட்டர் அலாரங்களிலும் இதே நிலைதான். 85 முதல் 99 சதவீத அலாரங்களுக்குச் சிகிச்சை நடவடிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் எச்சரித்தது. காது பழகிவிட்டால் கடைசி ஒன்றும் கேட்காது.

பார்கோடு பற்றி ஒன்று. மருந்து தரும் முன் மாத்திரை அட்டையையும் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் ஸ்கேன் செய்து ஒப்பிடுவது அதன் முறை. ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, ஊழியர்கள் ஸ்கேன் முறையைச் சுற்றிப்போகும் 15 வழிகளையும் அதற்கான 31 காரணங்களையும் பட்டியலிட்டது. மணிக்கட்டுப் பட்டை ஈரத்தில் அழிந்துவிடுகிறது, ஸ்கேனரில் பேட்டரி இல்லை, சிக்னல் இல்லை, மாத்திரை அட்டையில் பார்கோடே இல்லை. ஆகவே நோயாளிகளின் பட்டைக்கு நகலெடுத்து வேறிடத்தில் வைத்து ஸ்கேன் செய்தார்கள். கணினிக் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அடுத்தது தகவல் பரிமாற்றம். ஆய்வக முடிவு பி.டி.எஃப். கோப்பாக வந்தால் கண்ணால் படிக்கலாம். கணினி அதை எண்ணாக எடுத்து வரைபடம் போடாது, எச்சரிக்காது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் லாயிங்க் (LOINC) போன்ற பொதுக் குறியீடும், கணினிகள் தமக்குள் தகவலை அனுப்பிக்கொள்ள ஃபயர் (FHIR) போன்ற பொதுப் பரிமாற்ற முறையும் வேண்டும் என்பது இதற்காகத்தான். அவை இருந்தாலும் அலகுச் சிக்கல் போகாது. சர்க்கரை அளவை ஓரிடத்தில் டெசி லிட்டருக்கு மி.கி. என்றும், வேறோரிடத்தில் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் தருவார்கள்; இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 18 மடங்கு. கிரியேட்டினினில் மி.கி.யை மைக்ரோமோலாக்க 88.4-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு ஆய்வக முடிவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்கும் முன் யாராவது இதைச் சரிபார்த்தாக வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவேடுகள் முளைப்பதும் வாடிக்கை. பெயரின் எழுத்து ஒவ்வொரு முறையும் மாறும். பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும் ஜனவரி 1-ல் பிறந்தவர்களாகிவிடுவார்கள். ஒவ்வாமைக் குறிப்பு ஒரு பதிவேட்டிலும் மருந்து உத்தரவு இன்னொன்றிலும் இருந்தால் எந்த எச்சரிக்கையும் எழாது. இரட்டைப் பதிவேடுகளைத் தேடி இணைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் வேண்டும். அந்தப் பதவி பெரும்பாலும் திட்ட வரைவிலேயே இருக்காது.

கணினி நின்றுபோகும் நாளையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2017 மே 12 அன்று பரவிய, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் தாக்குதலில், இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையை நடத்தும் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்பது அரசுத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு. வைரஸ் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. ஸ்கேன் இயந்திரங்களுக்குள் இருக்கும் பழைய விண்டோஸை மருத்துவமனை தன்னிச்சையாகப் புதுப்பிக்க முடியாது, உற்பத்தியாளர்தான் செய்ய வேண்டும் என்பது வாங்கும்போது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வார்டிலும் யு.பி.எஸ். இணைப்போடு ஒரு கணினியும் பிரிண்டரும் தனியே இருந்து, நோயாளிகளின் மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமைக் குறிப்பையும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னுள் சேமித்துக்கொள்ள வேண்டும். காகிதப் படிவங்கள் ஒரு பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை வேண்டுமென்றே கணினியை நிறுத்திப் பழக வேண்டும். அப்படிப் பழகினால்தான் தெரியும், கணினி திரும்பியதும் காகிதத்தில் எழுதியதை மறுபடி ஏற்றுவது யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை என்று. காப்புப் பிரதியை எடுத்தால் போதாது. அதிலிருந்து மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்தில் கிடைத்த துல்லியம் மருத்துவமனை வாசலைத் தாண்டும்போது குறையும். நீரிழிவுக்காரர்களின் விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயறியும் கூகுளின் கருவியைத் தாய்லாந்து மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று கருவியே நிராகரித்தது. அறையில் போதிய இருட்டில்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் ஏறக் காத்திருக்க நேர்ந்தது. நிராகரிக்கப்பட்டவர்களை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டிய சுமை செவிலியர் தலையில் விழுந்தது. ரத்த நச்சேற்றத்தை முன்கூட்டிச் சொல்வதாகப் பரவலாக விற்கப்பட்ட ஒரு கணிப்பு முறை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளைத் தவறவிட்டது 2021-ல் வெளியானது. வாங்கும் முன், சொந்த மருத்துவமனையின் பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதலாம். மறுக்கும் விற்பனையாளர் ஏன் மறுக்கிறார் என்று யோசிக்கவும் செய்யலாம்.

இனி கல்வி. பல இடங்களில் மாணவர்களுக்கு உண்மையான பதிவேட்டில் எழுத லாகின் தரப்படுவதில்லை. காரணம் நியாயமானதே, சட்டப் பொறுப்பும் அந்தரங்கமும் இருக்கின்றன. விளைவு என்னவென்றால், படிப்பு முழுக்கக் காகிதத்தில் எழுதிப் பழகியவர் வேலையின் முதல் நாளில் பதிவேட்டை முதன்முதலாகத் திறக்கிறார். மருத்துவமனையில் ஓடும் அதே மென்பொருளின் பயிற்சிப் பிரதியைக் கற்பனை நோயாளிகளோடு கல்லூரிக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கினால் இது தீரும். பிறகு கேட்டால் தனி விலை சொல்வார்கள்.

பயிற்சிப் பிரதி கிடைத்துவிட்டால் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை அரை நாளில் கற்றுக்கொள்வார்கள். கற்பிக்க வேண்டிய பெரிய பாடம், திரை சொல்வதைச் சந்தேகிப்பது. கற்பனைப் பதிவேடுகளில் வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்துவைக்கலாம். எடை பவுண்டில் ஏறியிருக்கும். நேற்றைய குறிப்பு அப்படியே ஒட்டப்பட்டு, எடுக்கப்பட்ட வடிகுழாய் இன்னும் இருப்பதாகச் சொல்லும். ஒவ்வாமை மருத்துவர் குறிப்பில் இருக்கும், பட்டியலில் இருக்காது. ஆக்சிஜன் அளவு 97 என்று இருக்கும், நோயாளியோ மூச்சிரைப்பதாகச் சொல்லியிருப்பார். 20 நிமிடத்தில் இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒட்டிய குறிப்பு என்பது கற்பனைச் சிக்கலல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வில், மொத்த எழுத்தில் பாதிக்குச் சற்று மேல் முன்பு எழுதியதன் மறுபதிப்பு என்று தெரிந்தது. ஆக்சிமீட்டரையும் அப்படியே பாடத்தில் சேர்க்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி இயல்பாகக் காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளை நிறத்தவரில் 3.6 சதவீதம், கறுப்பு நிறத்தவரில் 11.7 சதவீதம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கருந்தோலில் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் விட்டுவிடக் கூடாது.

பொம்மை நோயாளியையோ மெய்நிகர் காட்சியையோ வைத்துச் செய்யும் பாவனைப் பயிற்சிக்கு வருவோம். செவிலியர் மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை பாவனைப் பயிற்சியால் ஈடு செய்யலாம் என்று 2014-ல் அமெரிக்காவில் 10 கல்லூரிகளில் நடந்த ஆய்வு சொன்னது. இந்தப் 'பாதி' என்ற சொல் மட்டும் எல்லா விற்பனை விளக்கங்களிலும் இருக்கும். அந்தக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றிருந்தார்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் முறையான கலந்தாய்வு நடந்தது என்பது அந்த விளக்கங்களில் வராது. பொம்மை ஒரு பாடமும் நடத்தாது. 15 நிமிடப் பயிற்சிக்குப் பின் அதே அளவோ அதற்கு மேலோ நேரம் உட்கார்ந்து, என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று பேசும்போதுதான் பாடம் நடக்கிறது. 30 மாணவர்களுக்கு 5 மெய்நிகர் கண்ணாடிகள் என்றால், ஆளுக்கு 15 நிமிடம் வைத்தாலே ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருவர் கழற்றிய பிறகும் துடைக்க வேண்டும், இடையில் சார்ஜ் இறங்கும், சிலருக்குத் தலைசுற்றும். மற்ற 25 பேர் அந்நேரம் என்ன செய்வார்கள் என்பதை அட்டவணை போடுகிறவர் முன்பே முடிவு செய்ய வேண்டும். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தப் பழகும் பொம்மைகளுக்கும் பராமரிப்பு உண்டு. அழுத்தம் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று உணரியை நம்பிக் கற்பிக்கிறோம். ஸ்பிரிங் தளர்ந்து உணரி பிசகினால் மாணவர்கள் தவறான ஆழத்தைக் கையில் பழகிக்கொண்டு போவார்கள். உதிரிபாகத்துக்கும் அளவு சரிபார்ப்புக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத கல்லூரி, சில ஆண்டுகளில் அந்த அறையைப் பூட்டிவைக்கும்.

தொடங்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். பயிற்சியை ஆறு மாதம் முன்பே கொடுத்தால் மறந்துவிடும். தொடங்கும் நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களே ஏற்றவை. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும், இரவு உட்பட, நன்கு தெரிந்த ஒரு சக ஊழியர் முதல் இரண்டு வாரம் வேறு பணியின்றி உதவிக்கு நிற்க வேண்டும். அந்த நாட்களில் புறநோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய திரை ஒன்று வந்தால் பழைய காகிதம் ஒன்று போக வேண்டும். கணினியிலும் பதிந்து, நோட்டிலும் எழுதச் சொல்லும் இடங்களில் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். எது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இத்தகைய திட்டங்களின் தொடக்க விழாவுக்கு உங்கள் நிருபர்கள் போகும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். நோயாளியிடம் அளந்ததற்கும் அது பதிவானதற்கும் இடையே சராசரியாக எத்தனை நிமிடம்? எத்தனை சதவீத எச்சரிக்கைகள் கடந்துபோகப்படுகின்றன? கணினி கடைசியாக நின்றது எப்போது, எவ்வளவு நேரம்? இது வந்த பிறகு எந்தெந்தக் காகிதப் படிவங்கள் நிறுத்தப்பட்டன? ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய், இதே நான்கையும் இரவு டியூட்டி செவிலியரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவத் தகவலியலிலும் செவிலியர் கல்வியிலும் பணிபுரியும் வாசகர்கள்